சேத்தியாத்தோப்பு டெய்லரும் டாங்கி ஆட்டமும்

எங்களைப் போன்ற கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி என்று சுற்றுவட்டாரத்துப் பையன்கள் எல்லாம் அதில் உண்டு. நான் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறவன். ஆனாலும் என்னை இன்னும் அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு தம்பி கேட்டிருந்தான். கஸ்டமர் ஒருவர் பழைய காலத்து கேம் ஒன்றைக் கொண்டுவந்து, புது லேப்டாப்பில் ஓட வைத்துத் தரச் சொல்கிறாராம். என்ன செய்யலாம் என்று கேள்வி.

அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. "முடியாதுன்னு சொல்லி அனுப்புடா" என்றான் ஒருத்தன். "புது கேம் பத்து ஏத்திக் குடு, ஓடிடுவான்" என்றான் இன்னொருத்தன். மூன்றாவது ஆள் வாய்விட்டுச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டு, "கெழடுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று முடித்திருந்தான். நான் ஏதோ கோபமாக எழுதிப் போட, குழுவை நடத்துகிற தம்பி போன் செய்தான். "அண்ணே, சூடாவாதீங்க. ஒங்க அனுபவத்த நிதானமா எழுதி அனுப்புங்க. எல்லாரும் படிக்கட்டும்" என்றான்.

எழுதுகிறேன். நிதானமாக எழுத வரும் என்று தோன்றவில்லை.

எனக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. முந்திரிக்கொட்டை உடைத்தேன், பண்ருட்டியில் ரேடியோ கடையில் ஈயம் பற்ற வைத்தேன், அங்கிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். கம்ப்யூட்டர் என்றால் கண்ணாடி அறையில் ஏசி போட்டு வைக்கிற சாமான் என்று மக்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். ஸ்கிரீனில் என்ன வந்தாலும் முதலில் எனக்குப் பயம்தான் வரும்.

என் சுபாவமே அப்படி. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போயிருப்பேன், யு.பி.எஸ்ஸை அணைத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பி நடப்பேன். இடி இடித்தால் எந்தெந்தக் கஸ்டமர் வீட்டில் பிளக்கைப் பிடுங்காமல் வைத்திருப்பார்களோ என்று நினைத்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாருடைய மிஷினைத் தொடுவதற்கு முன்னாலும் அவர்களிடம் கேட்டுக்கொண்டு, உள்ளே இருப்பதை அப்படியே ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுவேன். எடுத்ததற்கு இன்னொரு காப்பி. "ஊரான் ஊட்டு சாமானெல்லாம் நம்ம பீரோவுல. எம் பொடவ வைக்க எடமில்ல" என்று என் வீட்டுக்காரி இன்று வரைக்கும் திட்டுகிறாள்.

மஞ்சக்குப்பத்துக் கடையை நடத்தியவர் ஸ்டெல்லா மேடம். டிப்ளமோ படித்தவர். கொண்டையில் பூ இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் செருகியிருக்கும். அவரை ரொம்ப நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. என் படிப்பைக் குத்திக்காட்டாத வாரம் கிடையாது. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் என்னை 'சார்' என்று கூப்பிடுவார். "குணா சார், கொஞ்சம் இங்க வரீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

மற்ற கடைகளில் மிஷின் வந்தால் கழற்றுவார்கள். இவர் கழற்ற விடமாட்டார். கொண்டுவந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மிஷினை அவர் முன்னால் மாட்டச் சொல்வார். "ஊட்டுல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பார். அப்புறம் தன் நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்கிரீன் பக்கம் திரும்பக்கூட மாட்டார். நான் ஒருமுறை கேட்டதற்கு, "ஸ்கிரீன் எங்கயும் ஓடிப் போவாது. கைய நாளைக்கிக் கேட்டா கெடைக்காது" என்றார். அதேபோல வேலை முடிந்து கொடுக்கும்போதும் அவர்கள் கையாலேயே ஓட்டிக் காட்டச் சொல்வார். நாம் ஓட்டிக் காட்டினால் அது கணக்கில் சேராது.

கோர்ட்டுக்கு எதிரில் மனு டைப் அடித்துக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். வேலைக்கு நடுவில் மிஷின் பொட்டென்று அணைந்துவிடுகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார். கடையில் மாட்டினால் நாள் முழுக்க ஓடும். நான் கரண்ட் பெட்டியை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன், மெமரியைத் துடைத்துப் போட்டேன். கடைசியில் மேடமே அவர் இடத்துக்கு வந்தார். ஒரு ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். அந்த மனுஷர் டைப் அடித்துக்கொண்டே இருந்தார். வார்த்தை சிக்காமல் யோசிக்கிறபோதெல்லாம் காலை ஆட்டினார். ஆட்டுகிற கால் மேஜைக்கு அடியில் இருந்த லொடலொட பிளக்கில் போய் இடித்தது. மேடம் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, "சார், இனிமே சம்மணம் போட்டு யோசிங்க" என்றார். தெருவில் இறங்கியதும் என்னிடம், "குணா சார், பெட்டிய ரெண்டு வாட்டி மாத்துனீங்களே, அந்த ஆளோட கால ஒரு வாட்டி பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு அன்று முழுக்க யார் மேல் எரிச்சல் என்றே தெரியாத எரிச்சல்.

அப்புறம் நான் சிதம்பரத்தில் தனியாகக் கடை போட்டேன். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த நேரம். அப்போதுதான் இந்தப் பழைய கேம் விவகாரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற பழைய ஓ.எஸ்ஸை எடுத்துவிட்டு எக்ஸ்பி என்கிற புது ஓ.எஸ். போட்டோம். மறுநாளே பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு கேமில் சத்தம் வரவில்லை, ஒன்றில் மனுஷ முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் தெரிகிறது, ஒன்று திறக்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த ஓ.எஸ். வந்தபோது இன்னும் கொஞ்சம் போனது. அதற்கும் அடுத்து, அறுபத்து நாலு பிட் என்று ஒன்று வந்ததும், டாஸ் என்கிற ஆதி ஓ.எஸ். காலத்து கேம் மொத்தத்துக்கும் வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள். 'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று ஒரு பெட்டி வரும். அதற்கு ஓகே அழுத்த வேண்டுமாம். எதற்கு ஓகே? என்ன ஓகே?

கணக்கு சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று ஒரு முதலாளி வந்தால் எல்லா மெக்கானிக்கும் எழுந்து நிற்பான். கேம் ஓடவில்லை என்று வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பான். நானும் இந்தத் தொழிலில்தான் இருந்தேன், எனக்குத் தெரியும். 'பழசாயிடுச்சு சார்' என்று சொல்வதில் ஒரு சுகம். அதைச் சொல்லிவிட்டால் மூளையைக் கசக்க வேண்டாம். அந்த கேம் செத்தெல்லாம் போகவில்லை. அது பேசுகிற பாஷை புது ஓ.எஸ்ஸுக்குப் புரியவில்லை. நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்தால் பேசும். பழைய மிஷினைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் புரோகிராம்கள் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்கிறவர்கள் கையில் ஊரே சிக்கிக்கிடக்கிறது.

இப்போது டெய்லர் விஷயத்துக்கு வருகிறேன்.

சேத்தியாத்தோப்பில் தட்சிணாமூர்த்தி என்று ஒரு டெய்லர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சம்சாரம் பேர் கலாவதி, கலா என்பார்கள். இரண்டு பேருமே என் பழைய கஸ்டமர்கள். பேரன் பேத்தி எடுக்கிற வயதிலும் சாயந்திரம் கடை அடைத்ததும் இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் ஆடுவது ஒரு டாஸ் கேம். இரண்டு டாங்கிகள், நடுவில் செங்கல் சுவர், ஒன்றை ஒன்று சுட வேண்டும். அதன் நிஜப் பெயர் எனக்கே மறந்துவிட்டது, அவர்கள் 'டாங்கி ஆட்டம்' என்றுதான் சொல்வார்கள். ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் ஆடலாம். இடப்பக்க எழுத்துகள் டெய்லருக்கு, வலப்பக்க அம்புக்குறிகள் கலாவுக்கு. இப்போது வருகிற கேம்களில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அன்றைக்கு அப்படி இல்லை.

டெய்லருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் சீக்கிரம் வந்துவிட்டது, கைதான் முரண்டு பிடித்தது. தையல்காரனுக்கு இடக்கை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஊசிக்கு அடியில் துணியை வளைத்து நகர்த்துவதே அந்தக் கைதான். சிதம்பரத்தில் பிசியோவுக்குப் போய்வந்தார். விரலுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவர் டாங்கி ஆட்டத்தையே வேலையாக எடுத்துக்கொண்டார். அவருடைய பக்கம் இடக்கைப் பக்கம்தானே. முதலில் டாங்கி நகரவே இல்லை. பிறகு நகர்ந்தது. பிறகு ஒருநாள் சுட்டது. "அவள ஒரு ஆட்டம் ஜெயிச்சேன்னா அடுத்த நாளே மிஷின்ல ஒக்காந்துடுவேண்ணே" என்று என்னிடம் போனில் சொன்னார். ஜெயிக்கிற கிட்டத்துக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கலாவின் தம்பி ரகு, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவன், மாமாவுக்கு ஆசையாக ஒரு புது லேப்டாப்போடு வந்து இறங்கினான். ஆசை உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய கம்ப்யூட்டரை யாரிடமும் கேட்காமல் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டான். கேமும் அதோடு போனது.

கலா எனக்குப் போன் செய்து அழுதது. என் பீரோவில் அந்த கேமின் காப்பி இருந்தது. புடவை வைக்க இடமில்லாத அதே பீரோ. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று டெய்லர் வீட்டில் இல்லை, பிசியோவுக்குப் போயிருந்தார். லேப்டாப்பில் கேமைப் போட்டதும், ஆன்டிவைரஸ் அதைத் திருட்டுப்பயல் என்று சொல்லி அழித்துவிட்டது. அதற்குச் சமாதானம் சொல்லி மறுபடியும் போட்டேன். 'ஓடாது' பெட்டி வந்தது. எமுலேட்டரை இறக்கி, அதற்குள் கேமை வைத்தேன். திறந்துவிட்டது. திறந்ததும் டாங்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கண்ணிமைப்பதற்குள் ஓடி முட்டிக்கொண்டது. பழைய மிஷின் மெதுவானது, அந்த மெதுவுக்குத் தகுந்த மாதிரி எழுதிய கேம் அது. புது மிஷின் வேகத்தில் விட்டால் வெறிபிடித்து ஓடும். வேகத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? யாருக்குத் தெரியும்? கலாவைக் கூப்பிட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டு டாங்கி போகிற சத்தத்தைக் கேட்டது.

"ஜாஸ்தியா இருக்குண்ணே. இன்னும் கொறைங்க. இப்ப இழுக்குது. கொஞ்சம் ஏத்துங்க... ஆங், இதான். இதான் எங்க டாங்கி."

"படம் சரியா இருக்குதாம்மா?"

"டாங்கி ரெண்டும் குண்டா இருக்கே? எங்க ஊட்டு மாமா மாதிரி."

அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்தது. அதையும் சரிசெய்தேன். நான் ஒரு ஆளாக உட்கார்ந்து இந்த டாங்கியை ஓட்டினேன், சுட்டேன், அப்புறம் அந்த டாங்கியை ஓட்டினேன், சுட்டேன். எல்லாம் ஓடியது. டெய்லர் வந்து தன் கையால் ஆடிப் பார்த்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தேன். ரகு அதற்குள் லேப்டாப்பைக் கேட்டான், ஆபீஸ் மீட்டிங்காம். "சார், மாமா வர லேட்டாவும். நான் செக் பண்ணிக்கிறேன், நீங்க கெளம்புங்க. கேம்தான, ராக்கெட்டா விடப் போறோம்?" என்றான். இங்கிலீஷில் யாருடனோ பேசிக்கொண்டே என்னை வாசல் பக்கம் கை காட்டினான். எனக்கு எப்போதும் படித்தவன் கை காட்டினால் கால் நகர்ந்துவிடும். கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் மனசு அரித்தது. மறுநாள் போன் செய்தேன். ரகுதான் எடுத்தான். "சூப்பரா ஓடுது" என்றான்.

கிட்டத்தட்ட மூன்று மாதம் போயிருக்கும். கலாவிடமிருந்து போன்.

"அண்ணே, அந்த கேமை அதுலேர்ந்து எடுத்துட முடியுமா? திரும்ப வராத மாதிரி?"

"ஏம்மா, ஓடலையா?"

"ஓடுது. அவரு கண்ணுல அது படவே கூடாதுண்ணே. தெனம் ஒக்காருறாரு, கை வரவே மாட்டேங்குது. முன்ன வந்ததுகூட இப்ப வரல. எழுந்து போயி செவுத்தப் பாத்துப் படுத்துக்கிறாரு. பிசியோவுக்கும் போறதில்ல. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின ரகுகிட்டச் சொல்லி வித்துட்டாரு. தைக்கிற மிஷின் ரெண்டையும் எடுத்துக்க நாளைக்குக் காலையில கம்மாபுரத்துலேர்ந்து ஆள் வருது. கடையயே வுட்டுடப் போறாருண்ணே."

நான் பஸ்ஸைப் பிடித்தேன். நான் வைத்த வேகம் தப்போ, ஏதோ ஒரு செட்டிங்கில் அந்த மனுஷரின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனோ என்று புவனகிரி தாண்டுவதற்குள் நூறு தடவை நினைத்திருப்பேன்.

போனால் ரகுவும் லீவில் வந்திருந்தான். மிஷின் விற்கிற ஏற்பாடெல்லாம் அவன்தான். என்னைப் பார்த்ததும், "சார், இது சிஸ்டம் பிரச்சினை இல்ல. மாமாவோட கைதான். நாங்க ஏத்துக்கிட்டோம். நீங்க திரும்பவும் நம்பிக்கை குடுத்துக் கொழப்பாதீங்க" என்றான்.

உள்ளே கட்டிலில் இருந்து டெய்லரின் குரல் வந்தது. "யாரு, குணா அண்ணனா? வேடிக்க பாக்க நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வாங்க."

"தட்சணா, என்னா ஆவுது, எனக்குச் சொல்லு."

"என்னத்தச் சொல்றது? தனியா ஆடுனா வெரல் வருது. இவகூட ஆடுனா வரல. அழுத்துறேன், டாங்கி அப்படியே மரக்கட்ட மாதிரி நிக்குது. இவ வந்து சுட்டுட்டுப் போறா."

ரகு குறுக்கே வந்தான். "அது டென்ஷன் மாமா. பிசியோவும் அதான் சொன்னாரு. போட்டின்னு வந்தா மூளையிலேர்ந்து கைக்கு சிக்னல் போவ மாட்டேங்குது."

தனியாக ஆடினால் வருகிறது, இரண்டு பேராக ஆடினால் வரவில்லை. இதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நான் ஒரு ஆளாகத்தானே அன்றைக்கு ஆடிப் பார்த்தேன்! "ரெண்டு பேரும் வந்து ஒக்காருங்க" என்றேன். டெய்லர் முடியாது என்றார். கெட்ட வார்த்தையும் ஒன்று சொன்னார். கலா போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கியது. "வாங்க மாமா. கடைசியா ஒரு ஆட்டம். தோத்தா நாளைக்கிக் கடையக் குடுத்துடலாம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவர் வந்து உட்கார்ந்தார்.

நான் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. கீபோர்டையே பார்த்தேன். கலாவின் விரல்கள் வேகம். அம்புக்குறியை அழுத்தினால் எடுப்பதே இல்லை, இன்னொரு விரல் சுடுகிற கீபோர்டு கட்டையை விடாமல் பிடித்திருக்கிறது. டெய்லரின் விரல் மெதுவாக வருகிறது. எழுத்தைத் தேடுகிறது, இறங்குகிறது. நன்றாக இறங்குகிறது. கட்டை அடி வரைக்கும் போய் இடிக்கிறது. என் காதில் டக்கென்று சத்தம் கேட்டது. டாங்கி நகரவில்லை.

"கலா, கைய எடு" என்றேன்.

எடுத்தது. டெய்லரின் டாங்கி ஓடியது.

"வையி."

நின்றது.

"எடு."

ஓடியது.

கேமை மூடிவிட்டு, வெறும் எழுத்து அடிக்கிற பக்கத்தைத் திறந்தேன். கலாவைத் தன் இரண்டு கட்டைகளையும் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லி, டெய்லரை அவருடைய எழுத்தை அழுத்தச் சொன்னேன். எழுத்து விழவில்லை. அவர் விரலை எடுக்கச் சொல்லிவிட்டு நான் அழுத்தினேன். விழவில்லை. ரகுவின் கையைப் பிடித்து இழுத்து, "நீ அழுத்துப்பா. ஒனக்குப் பக்கவாதம் இல்லையே, அழுத்து" என்றேன். அவன் அழுத்தினான், குத்தினான். விழவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கீபோர்டுக்குள் கட்டைக்குக் கட்டை தனி ஒயர் கிடையாது. பல கட்டைகளுக்குப் பொதுவாகச் சில கோடுகள்தான் ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கட்டைகளை அழுத்தினால், சில சேர்க்கைகளில் எது எது என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். அப்போது பிந்தி வந்த கட்டையை அது எண்ணிக்கையிலேயே சேர்க்காது. அவர்களுடைய பழைய தடித்த கீபோர்டில் கோடுகள் வேறு மாதிரி ஓடியதால் இந்தக் கட்டைகள் மோதவில்லை. இந்த லேப்டாப்பில் மோதின. இரண்டு பேர் ஒரே கீபோர்டில் கை வைப்பார்கள் என்று இப்போது செய்கிறவர்கள் நினைப்பதே இல்லை. அதனால் முந்தி அழுத்துகிறவருக்கு வழி விடும், பிந்தி அழுத்துகிறவரை ஆளே இல்லை என்று சொல்லிவிடும். பக்கவாதம் வந்த மனுஷர் எப்படி முந்தி அழுத்துவார்? ஒவ்வொரு தடவையும் அவர்தான் பிந்தினார். ஒவ்வொரு தடவையும் அவர் விரலைத்தான் அது இல்லை என்றது. சரியாகிக்கொண்டு வந்த கையைச் செத்த கை என்று ஒரு மிஷின் சொல்லியிருக்கிறது, வீடு மொத்தமும் அதை நம்பியிருக்கிறது. பிசியோ நம்பியிருக்கிறார், படித்தவன் நம்பியிருக்கிறான். கைக்குச் சொந்தக்காரரே நம்பிவிட்டார்.

பையில் இருந்த தனி கீபோர்டு ஒன்றை எடுத்து லேப்டாப்பில் செருகி டெய்லர் முன்னால் வைத்தேன். இரண்டு கீபோர்டு என்றால் இரண்டுக்கும் தனித்தனிக் கோடுகள், ஒன்று இன்னொன்றை மறிக்காது. கலாவுக்கு லேப்டாப்பின் கட்டைகள். "ஆடுங்க" என்றேன்.

டெய்லரின் டாங்கி நகர்ந்தது. மெதுவாகத்தான் நகர்ந்தது. சுவர் ஓரமாக வந்து நின்றது. கலா எப்போதும்போல முன்னால் பாய்ந்து வந்தது. அவர் சுட்டார். கலாவின் டாங்கி வெடித்தது.

"யோவ் மாமா!" என்று கத்தியது கலா. கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

டெய்லர் சிரிக்கவில்லை. தன் இடக்கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப மூணு மாசமா நான் எதுக்குண்ணே அழுதேன்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்கு ரகு சொன்னான். "சின்ன விஷயம்தான் மாமா. வெறும் கீபோர்ட் மேட்டர். விடுங்க, இப்பதான் சரியாயிடுச்சே."

நான் கஸ்டமர் வீட்டில் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்று கத்தினேன். "எதுப்பா சின்ன விஷயம்? அன்னிக்கி இவரு வர வரைக்கும் என்ன இருக்க விட்டியா? சூப்பரா ஓடுதுன்னு போன்ல சொன்னியே, இவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வச்சுப் பாத்துட்டா சொன்ன? மிஷினு தப்புப் பண்ணும்னு ஒனக்குத் தோணவே இல்ல, மனுசன் கை போச்சுன்னு மட்டும் ஒடனே தோணுச்சா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெய்லர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "மச்சான், ஓவர்லாக்க வாங்குனவனுக்குப் போன் போடு."

ரகு வெளியே போய்ப் பேசினான். திரும்பி வந்து, அவர்கள் மிஷினைக் கடையில் மாட்டி வேலையே ஆரம்பித்துவிட்டார்களாம், தரமாட்டார்களாம் என்றான். அது போனது போனதுதான். நாளைக்கு வருகிற கம்மாபுரத்து ஆளும் போனை எடுக்கவில்லை.

நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. செருகிய கீபோர்டு இரவில் ஏதாவது அப்டேட் வந்து வேலை செய்யாமல் போயிருந்தால்? அவர் மறுபடியும் கட்டிலுக்குப் போயிருந்தால்? காபி குடித்த கையோடு பஸ் ஏறினேன்.

கடை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. மிஷின் தூக்க வந்த இரண்டு பேர் கயிறும் கோணியுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ரகு அவர்களிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான். பேசியாகிவிட்டது, வண்டியும் வந்துவிட்டது, இப்போது இல்லை என்றால் எப்படி என்று அவர்கள் சத்தம் போட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு மிஷினில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் கலா. இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

டெய்லர் ஒரு தலையணை உறை தைத்தார். இடக்கையால் துணியை அழுத்தி, ஒரு விரல்கடை நகர்த்தி, நிறுத்தி, மறுபடியும் நகர்த்தினார். தையல் பாம்பு மாதிரி போனது. வந்த ஆட்களில் ஒருவன் வாசற்படியில் ஏறி, "டெய்லரே, எந்திரிங்க, தூக்கணும்" என்றான்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஓடுற மிஷின எப்படிப்பா தூக்குவ? இரு, தையல் முடியட்டும்."

அவன் உட்கார்ந்தான். உறை முடிந்தது. கலா எழாமலேயே கையை நீட்டி அடுத்த துணியை அவர் பக்கம் தள்ளிவிட்டது. அது முடிந்ததும் இன்னொன்று. வெயில் ஏறி வாசற்படி சுட ஆரம்பித்தது. லாரிக்காரன் ஆரனை அழுத்திப் பார்த்தான். அப்புறம் அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ரகுவைத் திட்டியபடியே வண்டியில் ஏறினார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகும் உள்ளே இரண்டு மிஷினும் நிற்கவில்லை.